உச்சியில் விலகுதல்

'ஓய்வு பெறுதல்' என்று நாம் தமிழில் ஒரே தொடரால் சுட்டும் செயலுக்கு அரபு மொழியில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. அரசு அலுவலர் ஒருவர் வயது நிரம்பிப் பணியிலிருந்து நீங்கினால் அதைத் 'தகாஉத்' என்பர். 'உட்கார்தல்' என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. விளையாட்டு வீரரோ கலைஞரோ தம் துறையை விட்டு நீங்கினால் அரபுப் பத்திரிகைகள் 'இஃதிஸால்' என்று எழுதும். 'விலகி நிற்றல்' என்பது அதன் பொருள். ஹஸன் பஸரீ அவர்களின் பாட வட்டத்தை விட்டு வாஸில் இப்னு அதா விலகிச் சென்றதால், அவரைச் சார்ந்தோருக்கு 'முஃதஸிலாக்கள்' என்று பெயர் வந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அதுவும் இதே வேரில் கிளைத்ததுதான். உட்காருவதற்கு உடற்களைப்பு ஒன்றே போதும். விலகி நிற்பதற்கோ மனத்தின் இசைவு வேண்டும்.

இந்தச் சொல் வேறுபாட்டை மனத்திற்கொண்டு ஒரு வினாவை ஆராய விழைகிறேன். தொழில்முறை மல்லர்கள் தம் புகழின் உச்சியில் நிற்கும்போதே, எவருடைய நெருக்குதலுமின்றிக் கோதாவை விட்டு விலகியதுண்டா? நம் இல்லங்களில் பெரியவர்கள் தாரா சிங், கிங்காங் என்னும் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளோ அமெரிக்க மற்போரைத் தொலைக்காட்சியில் கண்கொட்டாமல் பார்ப்பவர்கள். ஆகவே இது பொழுதுபோக்குக்கான வினா என்று தோன்றக்கூடும். சற்று உள்ளே புகுந்து பார்த்தால், நம் காலம் முடிந்தது என்பதை நாம் எவ்வாறு அறிவோம், அறிந்தபின் என்ன செய்வோம் என்ற பழைய கேள்வி இதற்குள் இருப்பதைக் காணலாம்.

அளவுகோல் யார் கையில்?

முதலில், முடிவு முன்கூட்டித் தெரியாத உண்மையான மற்போரை எடுத்துக்கொள்வோம். கியூபா நாட்டின் மிஹாயின் லோபஸ் 2008 முதல் 2024 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து ஐந்து தங்கப் பதக்கங்களை வென்றவர். ஒரே தனிநபர்ப் போட்டியில் தொடர்ந்து ஐந்து முறை தங்கம் வென்றவர் ஒலிம்பிக் வரலாற்றில் அவர் ஒருவரே. 2024 ஆகஸ்டில் பாரிஸ் நகரில் ஐந்தாவது தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 41. வென்றவுடன் தம் காலணிகளைக் கழற்றி, மற்போர் விரிப்பின் நடுவில் வைத்துவிட்டு வெளியேறினார். காலணியைக் களத்தில் விட்டுச் செல்வது ஒலிம்பிக் மல்லர்களிடையே விடைபெறும் மரபு. உச்சியில் விலகியவர் யார் என்று கேட்டால், தயங்காமல் அவரைச் சுட்டலாம்.

அவரால் அது எவ்வாறு இயன்றது? அவருடைய வலிமையை அளக்கும் கோல் அவருக்கு வெளியே இருந்தது. எதிரே நின்றவர் அவருக்கு விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். இன்று நான் வென்றேன், நாளை வெல்வேன் என்பதற்கு உறுதியில்லை என்று அவருடைய தோளும் முழங்காலும் அவருக்கே சொல்லியிருக்கும். உண்மையான மற்போரில் தோல்வி ஓர் ஆசிரியர். அவர் பிரம்பை எடுக்குமுன்பே எழுந்து வெளியேறும் உரிமை மாணவருக்கு உண்டு.

காமா பயில்வானின் நிலையும் நினைக்கத்தக்கது. பாரசீகத்தின் 'பஹ்லவான்' நம் நாவில் புரண்டு 'பயில்வான்' ஆயிற்று. 'பயில்' என்னும் தமிழ்ச்சொல்லின் ஒலி அதில் தானாக வந்து அமைந்தது பொருத்தமே. பயிற்சியின்றிப் பயில்வான் ஏது? காமா 1910-இல் லண்டனுக்குச் சென்று, போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்ட அப்போர் முடிவின்றி நின்றது. மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது, ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். 'ருஸ்தமே ஸமான்' என்று போற்றப்பட்ட அவர், தோல்வியறியாதவர் என்ற பெயருடனேயே 1960-இல் லாகூரில் மறைந்தார். ஆயினும் அவர் உச்சியில் விலகினார் என்று சொல்வதைவிட, உச்சியில் அவர் தனித்து விடப்பட்டார் என்று சொல்வதே பொருந்தும். எதிரே வந்து நிற்க ஆளில்லாதபோது கோதா தானாகவே ஓய்ந்துவிடுகிறது.

தொழில்முறை மற்போரின் இயல்பு முற்றிலும் வேறு. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அதில் வெற்றி தோல்விகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன. 1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுத் துறைக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு, பெரிய மற்போர் நிறுவனத்தின் தரப்பினரே 'இது போட்டியன்று, பொழுதுபோக்கு' என்று ஒப்புக்கொண்டனர். அதனால் அங்கு விழுவதெல்லாம் பொய் என்று கருதிவிட வேண்டாம். முடிவுதான் முன்னரே எழுதப்பட்டது. எலும்பு எழுதி வைத்தபடி நடந்துகொள்வதில்லை. 1997 ஆகஸ்டில் ஸ்டீவ் ஆஸ்டின் என்னும் மல்லரின் தலை பிடி தவறி மேடையில் மோதியது. கழுத்துத் தண்டு பாதிக்கப்பட்டுச் சிறிது நேரம் அவர் உடல் அசைவற்றுப் போயிற்று. 2003 மார்ச்சில், 38 வயதில், அவர் களத்தை விட்டு நீங்கியதற்கு அந்தக் கழுத்தே காரணம்.

இத்தொழிலில் 'உச்சி' என்பது எது? மல்லரின் உடல் வலிமை அன்று. அரங்கம் எழுப்பும் ஆரவாரமும், அந்த ஆரவாரத்தைக் கணக்கிட்டு நிறுவனம் வழங்கும் பட்டமுமே உச்சி. அளவுகோல் பிறர் கையில் இருக்கிறது. ஐம்பது வயது மல்லருக்கும் பட்டத்தைக் கொடுக்க எழுதுகோல் ஒன்று போதும். தோல்வி என்னும் ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடம் அது. அங்கே பயில்பவர் தம் பாடம் முடிந்தது என்பதை எதைக்கொண்டு அறிவார்?

உச்சியில் விலகியவர்கள் எனப்படுவோர்

இனி, பட்டம் கையில் இருக்கும்போதே விடைபெற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம்.

பழையவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச். ஐரோப்பாவின் பெருமல்லராக விளங்கிய ஹாக்கன்ஷ்மிட்டை 1908-இலும் 1911-இலும் சிக்காகோவில் வென்றவர். 1913-இல் உலகப் பட்டத்துடனேயே ஓய்வை அறிவித்தார். எனினும் முற்றாக விலகி நிற்க அவரால் இயலவில்லை. பின்னரும் சில காட்சிப் போட்டிகளில் தோன்றினார். நாற்பது வயதை ஒட்டி, 1917-இல் நோய்வாய்ப்பட்டு மறைந்தார்.

அண்மைக் காலத்தில் கனடாவின் ட்ரிஷ் ஸ்ட்ராடஸ் என்னும் வீராங்கனை, 2006 செப்டம்பரில் தம் சொந்த நகரான டொரான்டோவில் மகளிர் பட்டத்தை ஏழாம் முறையாக வென்று, அதே இரவில் விடைபெற்றார். வயது முப்பது. காயத்தின் கட்டாயமில்லை, தோல்வியின் கசப்புமில்லை. நம் வினாவுக்கு மிக நெருங்கி வரும் விடை இதுவே. ஆனால் அவரும் பின்னர்ப் பலமுறை மேடைக்கு வந்தார். 2019-இல் அதே டொரான்டோவில் மீண்டும் ஒரு விடைபெறும் போட்டி நடந்தது. 2023-இலும் 2025-இலும் அவரைக் கோதாவில் காண முடிந்தது.

எட்ஜ் என்னும் பெயரில் தோன்றிய ஆடம் கோப்லண்ட், 2011 ஏப்ரலில் உலகப் பட்டத்தைக் கையில் வைத்திருந்தபடியே ஓய்வை அறிவித்தார். பார்ப்போருக்கு அது உச்சியில் விலகுதல். உண்மையில், கழுத்தெலும்பின் குழாய் குறுகிப்போன நோயால் மருத்துவர்கள் அவரைத் தடுத்துவிட்டனர். ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 2020 ஜனவரியில், தடை நீங்கியதும் அவர் திரும்பி வந்தார். 'ராக்' எனப்படும் டுவைன் ஜான்சன் 2004-இல் முப்பதைத் தாண்டிய வயதில் திரைப்படத்துக்குச் சென்றார். அதைத் துறவு என்பதற்கில்லை. ஒரு மலையிலிருந்து அதைவிட உயர்ந்த மலைக்குத் தாவியதே அது. அவரும் 2011-இல் மீண்டும் தோன்றி, 2013-இல் மறுபடி பட்டம் சூடினார்.

ஆக, உச்சியில் விலகியோர் எனப்படுபவர்களில் ஒருவரை நோய் விலக்கியது, ஒருவரை வேறொரு புகழ் அழைத்துக்கொண்டது. தாமாக விலகியவர்களோ விலகிய இடத்தில் நிலைத்து நிற்கவில்லை. 'உண்டா' என்ற கேள்விக்கு, 'உண்டு, ஆனால் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்' என்பதே பெரும்பாலும் விடையாகிறது.

ஏன் திரும்பி வருகிறார்கள்?

இதைப் பேராசை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது நியாயமாகாது. முதற்காரணம் வயிற்றைப் பற்றியது. அமெரிக்காவின் பெருநிறுவனம் தன் மல்லர்களை ஊழியர்களாகப் பதிவு செய்வதில்லை. தனி ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்கிறது. ஊழியருக்குரிய ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கென்று தொழிற்சங்கமும் அமையவில்லை. இளமையில் ஆண்டு முழுதும் ஊர் ஊராகச் சென்று உடலைத் தேய்த்தவர், முதுமையில் அந்தத் தேய்ந்த உடலையே மீண்டும் விலைக்குக் கொண்டுவர நேர்கிறது. 'தகாஉத்' என்னும் சொல்லே அவர்களுக்குப் பொருந்தாது. உட்காருவதற்கு அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை.

இரண்டாவது காரணம் செவியைப் பற்றியது. புரூனோ சம்மார்டினோ 1963 மே முதல் 1971 ஜனவரி வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் பட்டத்தைக் காத்தவர். நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் அவர் ஐவன் கோலாஃப் என்பவரிடம் அதை இழந்த இரவில், ஆயிரக்கணக்கானோர் நிறைந்த அரங்கம் ஓசையற்று அடங்கிவிட்டது. தம் காதுகளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று ஒரு கணம் அஞ்சியதாக அவரே பின்னாளில் சொன்னார். எட்டாண்டுக் காலம் ஆரவாரத்தின் நடுவே வாழ்ந்தவருக்கு அமைதி ஒரு நோயாகத் தோன்றியது! 1973-இல் அவர் மீண்டும் பட்டத்துக்குத் திரும்பினார். புகழ் பெற்றவர்கள் இழக்க அஞ்சுவது பொருளை அன்று. தம் பெயர் உரக்கச் சொல்லப்படும் ஒலியை.

மூன்றாவது காரணம், நாம் முன்னர்க் கண்டவாறு, தோல்வி என்னும் ஆசிரியர் இல்லாமை. லூ தெஸ் உண்மையான பிடிகளிலும் தேர்ந்த பெருமல்லர். எல்லாக் காலத்தையும் கூட்டினால் பத்து ஆண்டுகளுக்கு மேல் உலகப் பட்டத்தைத் தாங்கியவர். 1968-இல் பம்பாயில் தாரா சிங்கிடம் அவர் தோற்றதை நம் நாட்டு இரசிகர்கள் அறிவார்கள். 1916-இல் பிறந்த அவருடைய இறுதிப் போட்டி 1990 டிசம்பரில் ஜப்பானில் நடந்தது. வயது எழுபத்து நான்கு. எதிரே நின்ற மசாஹிரோ சோனோவுக்கு இருபத்தேழு. ரிக் ஃபிளேர் 2008 மார்ச் 30 அன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்னிலையில், ஷான் மைக்கேல்ஸிடம் தோற்று, கண்ணீருடன் விடைபெற்றார். அதைவிட அழகிய விடைபெறுதல் இத்தொழிலில் அரிது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே வேறொரு நிறுவனத்தின் மேடையில் அவர் நின்றார். 2022 ஜூலையில், 73 வயதில், 'இறுதிப் போட்டி' என்ற பெயரில் மீண்டும் ஒன்று நடந்தது. அவரை வழியனுப்பிய மைக்கேல்ஸ் 2010-இல் தோற்று விலகி, எட்டு ஆண்டுகள் சொன்ன சொல்லைக் காத்தார். 2018 நவம்பரில் ரியாத் நகரில் அவரும் அச்சொல்லைத் தளர்த்தினார்.

இங்கு ஒரு மாற்று உதாரணத்தையும் சொல்ல வேண்டும். அது தொழில்முறை மற்போரைச் சேர்ந்ததன்று. அடியும் பிடியும் கலந்த உண்மைச் சண்டை. தாகிஸ்தானின் ஹபீப் நூர்மகமதோவைப் பயிற்றுவித்தவர் அவருடைய தந்தை. 2020 ஜூலையில் தந்தை மறைந்தார். அவ்வாண்டு அக்டோபரில் அபுதாபியில் தம் 29-ஆவது போட்டியிலும் வென்ற ஹபீப், ஒரு தோல்வியும் காணாத நிலையில், தந்தையின்றிக் களமிறங்குவதில்லை என்று தாய்க்கு வாக்களித்ததாகச் சொல்லிக் கையுறைகளைக் களத்தில் வைத்தார். மீண்டும் போட்டியிட வரவில்லை. அவருடைய உறுதியைப் பாராட்டுவதோடு, அதற்கு அடித்தளமாக இருந்தது எது என்பதையும் பார்க்க வேண்டும். களத்துக்கு வெளியே, களத்தைவிடப் பெரிதாக ஒன்று அவருக்கு இருந்தது. ஒரு தாயின் சொல் அங்கே அரங்கத்தின் ஆரவாரத்தைவிட உரக்கக் கேட்டது. அவ்வாறு ஒன்று இல்லாதவர் எத்தனை முறை விலகினாலும், போவதற்கு இடமின்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவார்.

ஹாக்கன்ஷ்மிட்டின் வாழ்வும் இதையே சொல்கிறது. காட்சிடம் தோற்றபின் அவர் மீண்டும் பட்டத்தைத் தேடி அலையவில்லை. தத்துவ நூல்கள் எழுதினார். தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, 1968-இல் லண்டனில் மறைந்தார். வென்ற காட்ச் இறந்தபின் தோற்றவர் ஐம்பது ஆண்டுகள் நிறைவாக வாழ்ந்தார். விலகிய நேரம் உச்சியா, பள்ளமா என்பதைவிட, விலகியபின் எதில் நிலைத்தார் என்பதே அவர் வாழ்வில் மேலோங்கி நிற்கிறது.

உச்சியில் விலகுவது உயர்வா?

இதுவரை, உச்சியில் விலகுவது ஓர் உயர்ந்த குணம் என்றே எடுத்துக்கொண்டு பேசினோம். அதையே இப்போது கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.

வெர்ன் கான்யா என்னும் மல்லர் தேர்ந்த வீரர். அத்துடன், 1960-இல் தோன்றிய அமெரிக்க மற்போர்ச் சங்கத்தின் உரிமையாளருமாவார். யார் வெல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அவரிடமே இருந்தது. 1981 மே மாதம், 55 வயதில், தம் இறுதிப் போட்டி என்று அறிவித்துக் களமிறங்கினார். எதிரே நின்றவர் நிக் பாக்விங்கல். கான்யா வென்றார். பட்டத்துடனேயே ஓய்வு பெற்றார். சில நாட்களில் அந்தப் பட்டம் பாக்விங்கலுக்கு மேடையில் போரின்றியே வழங்கப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால், இதுவன்றோ உச்சியில் விலகுதல்! ஆனால் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பட்டத்தைத் தாங்கவேண்டியவருக்கு அது வெற்றியின் கனியாகக் கிடைக்கவில்லை. விட்டுச்சென்ற பொருளாகக் கிடைத்தது. 'கான்யாவை வென்றவர்' என்ற பெயரை அவருக்குக் கொடுக்கக்கூடிய கடைசி இரவு அது. அதைக் கொடுக்காமல், தம் பெயரை மாசின்றி வைத்துக்கொண்டு உரிமையாளர் இறங்கிச் சென்றார். 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பது நம் பழமொழி. இங்கோ மீசையில் மண் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக விழவே மறுத்தார் ஒருவர். அவர் காத்துக்கொண்ட மதிப்பு அவருடனேயே போயிற்று. அடுத்தவருக்கு அதில் பங்கில்லை.

இத்தொழிலில் இதற்கு நேர்மாறான ஒரு பழைய வழக்கம் உண்டு. விடைபெறுகிறவர் தம் இறுதிப் போட்டியில் தோற்க வேண்டும். இருந்து தொடர்பவரை வெல்ல வைத்துவிட்டுப் போக வேண்டும். எவரும் சட்டமாக எழுதி வைக்காத கடன் அது. தாம் இளைஞராக இருந்தபோது ஒரு மூத்தவர் தமக்காக விழுந்தார். அந்தக் கடனை அவருக்குத் திருப்பிக் கொடுக்க இயலாது. தமக்குப் பின் வருபவருக்கே கொடுக்க இயலும்.

ஜான் சீனாவின் விடைபெறுதல் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2024 ஜூலையில் டொரான்டோவில் தம் ஓய்வை முன்கூட்டியே அறிவித்தார். 2025 ஏப்ரலில் 17-ஆவது முறையாக உலகப் பட்டம் வென்று, ஃபிளேரின் 16 என்னும் கணக்கைக் கடந்தார். அன்றிரவே விடைபெற்றிருந்தால் உச்சியில் விலகியவர் என்று புகழப்பட்டிருப்பார். அவ்வாறு செய்யவில்லை. ஆகஸ்டில் பட்டத்தைக் கோடி ரோட்ஸிடம் இழந்தார். 2025 டிசம்பர் 13 அன்று வாஷிங்டன் நகரில் இறுதிப் போட்டி. எதிரே ஆஸ்திரியாவின் குந்தர். 'ஒருபோதும் பணியாதே' என்பதையே தம் முழக்கமாக்கி, அதைச் சட்டையிலும் துணியிலும் எழுதிச் சிறுவர்களுக்குக் காட்டி வந்தவர் சீனா. அவர் அன்று குந்தரின் பிடியில் சிக்கி, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அரங்கத்தில் பலர் சினந்து கூச்சலிட்டனர். தங்கள் வீரர் வென்று போகவேண்டும் என்று அவர்கள் விரும்பியது இயல்பே. ஆனால் அவர் அன்று கொடுத்தது தம் பெயரிலேயே விலைமதிப்புள்ள பகுதியை. இனி வாழ்நாள் முழுதும் குந்தர் சீனாவைப் பணியவைத்தவராக அறியப்படுவார்.

ஜப்பானின் கெய்ஜி முட்டோ விடைபெற்ற விதம் இன்னும் உருக்கமானது. 2023 பிப்ரவரி 21 அன்று, அறுபது வயதில், டோக்கியோவின் பெரிய அரங்கில் இளையவர் நைட்டோவிடம் தோற்றார். பிறகு, வருணனையாளர் இருக்கையில் அமர்ந்திருந்த மசாஹிரோ சோனோவை மேடைக்கு அழைத்தார். ஆம், 1990-இல் முதியவர் லூ தெஸ்ஸின் இறுதிப் போட்டியில் எதிரே நின்ற அதே சோனோ. முட்டோவும் சோனோவும் 1984 அக்டோபரில் ஒரே நாளில், ஒருவரை ஒருவர் எதிர்த்துத் தம் முதற்போட்டியை ஆடியவர்கள். அந்தப் பழைய நண்பரிடமும் முட்டோ அன்றிரவு தோற்றார். முதற்போட்டியில் எதிரே நின்றவரே இறுதியிலும் எதிரே நின்றார்.

இருவர் செய்யும் செயல்

இங்கே வாசகர் ஒருவர் நியாயமாகவே தடை எழுப்பலாம். வெற்றியும் தோல்வியும் முன்பே எழுதப்பட்டவை என்றால், எழுதிய தோல்வியில் என்ன தியாகம் இருக்கிறது? நாடகத்தில் மடிந்த அரசனுக்காக யார் அழுவார்?

தடை வலிமையுடையதே. ஆயினும் விடை உண்டு. போட்டியின் முடிவு புனைவு. அதன் விளைவு புனைவன்று. பெரியவரை வென்ற இளையவருக்கு அடுத்த ஆண்டின் மேடையும் ஊதியமும் பெயரும் உண்மையாகவே கூடுகின்றன. விழுந்தவரின் பெயரிலிருந்து அது உண்மையாகவே கழிக்கப்படுகிறது. கான்யாவின் எடுத்துக்காட்டே இதற்குச் சான்று. முடிவை எழுதும் கோல் தம் கையில் இருந்தபோது அவர் தமக்கே வெற்றியை எழுதிக்கொண்டார். எழுதப்பட்ட தோல்வியில் விலை ஒன்றுமில்லை என்றால், தம் கடைசி இரவில் அதை எழுத அவர் ஏன் தயங்க வேண்டும்? நம் வாழ்விலும் பல பொறுப்புகள் இத்தகையவையே. மேடையில் மூத்தவர் தலைமை ஏற்பதும், பந்தியில் அவருக்கு முதலிடம் அளிப்பதும் நாமே வகுத்துக்கொண்ட முறைகள்தாம். வகுத்துக்கொண்டவை என்பதால் அவற்றை விட்டுக்கொடுப்பது எளிதாகிவிடுவதில்லை.

மற்போருக்கு அரபியில் 'முஸாரஆ' என்று பெயர். 'ஸரஅ' என்றால் வீழ்த்தினான். ஆனால் மற்போரைக் குறிக்கும் சொல் 'முஃபாஅலா' என்னும் வாய்பாட்டில் அமைந்தது. ஒருவர் மட்டும் செய்ய இயலாத, இருவர் சேர்ந்து செய்யும் செயல்களுக்கு உரிய வாய்பாடு அது என்பதை அரபு இலக்கணம் பயின்றோர் அறிவர். நாம் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் 'முஸாஃபஹா'வும், தழுவிக்கொள்ளும் 'முஆனகா'வும் அதே வாய்பாட்டுச் சொற்களே. நீட்டிய கையை ஏற்க இன்னொரு கை இல்லையேல் முஸாஃபஹா இல்லை. அவ்வாறே, விழுபவர் இல்லையேல் மற்போரும் இல்லை. வீழ்ந்தவரையும் மொழி அந்தச் செயலின் சரிபாதியாகவே கொள்கிறது.

ஆதலால் நம் வினாவுக்கு இரண்டு விடைகள். தொழில்முறை மல்லர்கள் உச்சியில் விலகுவதுண்டா என்றால், மிக அரிது. விலகியவர்களும் பெரும்பாலும் திரும்பினர். உச்சியில் விலகுவதுதான் சிறப்பா என்றால், அன்று. பட்டத்தோடு இறங்குபவர் தம் பெயரைக் காத்துக்கொள்கிறார். கொடுப்பதற்குத் தம்மிடம் இன்னும் ஏதோ இருக்கும்போதே அதைக் கொடுத்துவிட்டு இறங்குபவர் தம் தொழிலைக் காக்கிறார். நேரம் தவறவிடக் கூடாது என்பதும் இதனாலேதான். மதிப்பு முற்றும் தேய்ந்தபின் விழுவதில் யாருக்கும் பயனில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்டவரை வென்றதால் எந்த இளைஞருக்கும் பெயர் வளர்வதில்லை.

இது மல்லர்களுக்கு மட்டுமான செய்தியா? நாற்பது ஆண்டுகள் கடை நடத்திய தந்தை, கல்லாச் சாவியை இடுப்பிலேயே வைத்திருக்கிறார். மகனுக்கு நரை தோன்றிவிட்டது. கொள்முதலுக்கும் கடனுக்கும் வருவோரெல்லாம் இன்னும் 'அத்தா இருக்கிறாரா?' என்றே கேட்கிறார்கள். அந்தக் கேள்வி தந்தையின் செவிக்கு இனிமையாக இருக்கிறது. மகனுக்கோ ஒவ்வொரு நாளும் அது ஒரு சிறு காயம். தந்தை கடையில் இருக்கும்போதே, வாடிக்கையாளர் முன்னிலையில், 'இதை மகனிடம் கேளுங்கள், அவர் சொல்வதுதான் முடிவு' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், அது அவர் சேர்த்துவைத்த சொத்தைவிடப் பெரிய கொடை. அவர் மறைந்தபின் சாவி தானாகவே மகன் கைக்கு வரும். ஆனால் தந்தையின் வாயால் கிடைத்த மதிப்பு அதனுடன் வராது. அடுக்களைப் பொறுப்பை மருமகளிடம் ஒப்படைக்கும் மாமியாருக்கும், தலைமை மாணவரைத் தம் இருக்கையில் அமர்த்திப் பாடம் சொல்லச் செய்யும் ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

அவ்வாறு கொடுத்தவர்கள் அடுத்த நாள் காலையில் ஓர் அமைதியைக் கேட்பார்கள். யாரும் அவர்களைத் தேடி வரமாட்டார்கள். சம்மார்டினோ தம் காதுகளை ஐயுற்றதுபோல் அவர்களும் ஒரு கணம் திகைக்கக்கூடும். காதில் பழுது ஒன்றுமில்லை. கடை நன்றாக நடக்கிறது என்பதன் அடையாளம் அது.